அம்மன் பாட்டுக்கு அடுத்த பாட்டு

சிறையிலிருந்து
28 ஜூலை 2025

அன்புள்ள தங்கச்சி சௌமியாவுக்கு,

அண்ணன் எத்திராஜ் எழுதுவது. நலமா என்று கேட்டு ஆரம்பிப்பதுதான் முறை. ஆனால் நீ என் மேல் கொலைவெறியில் இருப்பாய் என்று தெரியும், அதனால் அதை விட்டுவிடுகிறேன். இங்கே எழுதும் எதையும் அதிகாரி ஒருவர் படித்துப் பார்த்துவிட்டுத்தான் வெளியே அனுப்புவார். சிறை விஷயம் வெளியே போகிறதா என்றுதான் பார்ப்பாராம், கேஸ் அவர் வேலை இல்லையாம். அவருக்கும் ஒரு வணக்கம்.

போன வாரம் அம்மா மனு போட்டு என்னைப் பார்க்க வந்தது. கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று அழுததிலேயே பாதி நேரம் போய்விட்டது. மீதி நேரத்தில் உன்னைத் திட்டியது. "கூடப் பொறந்தவன உள்ள தள்ளிட்டு அவ பாட்டுக்கு ஸ்டுடியோவுக்குப் போய்க்கினு கீறா, என் வூட்டு வாசப்படி மிதிக்கட்டும் பாக்கலாம்" என்றது. எம்மா, அவள் என் பெயரைச் சொல்லவே இல்லை, யாரோ எடுத்துவிட்டார்கள் என்றுதான் போலீசில் எழுதிக் கொடுத்தாள் என்று சொல்லிப் பார்த்தேன். காதில் ஏறவில்லை.

அதிகாரி ஐயா ஒன்றும் புரியாமல் முழிக்கக் கூடாது என்பதற்காக உனக்குத் தெரிந்ததையே மறுபடி எழுதுகிறேன், கோபித்துக்கொள்ளாதே. எனக்குக் காசிமேடு துறைமுகத்துக்குப் போகிற வழியில் செல்போன் கடை. சார்ஜர், கவர், அதோடு பாட்டு ஏற்றிக் கொடுப்பது. கரையை விட்டுக் கொஞ்சம் தள்ளிப் போனாலே டவர் செத்துவிடும். பத்துப் பதினைந்து நாள் கடலில் கிடக்கிறவன் பென் டிரைவில் பாட்டு கொண்டு போனால்தான் உண்டு, இல்லாவிட்டால் இன்ஜின் சத்தத்தைத்தான் கேட்க வேண்டும். மீன்பிடித் தடைக்காலம் முடிந்து முதல் கடலுக்குப் போகிற அன்று ஒவ்வொரு படகுக்கும் புது பென் டிரைவ் போடுவோம். முதலில் அம்மன் பாட்டு. அதற்கு அடுத்த பாட்டு இந்தக் கரையில் பிறந்த யாராவது ஒருவர் குரலாக இருக்க வேண்டும். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு. நைனா காலத்தில் கேசட் இருந்தபோதே இதுதான் வழக்கம். இந்த வருடம் அந்த இடத்தில் உன் பாட்டை வைத்தேன்.

நான் செய்தது அவ்வளவுதான். ஸ்டுடியோவுக்குள் புகுந்து திருடியதாக எழுதியிருக்கிறார்கள். அந்த ஸ்டுடியோ எந்தத் தெருவில் இருக்கிறது என்றுகூட எனக்குத் தெரியாது. என் மேல் குண்டாஸ் போட்டுவிட்டார்கள், திருட்டுக் காப்பிக்கும் அந்தச் சட்டம் உண்டாம். ஜாமீன் கிடையாது, ஒரு வருடம் உள்ளே. அடுத்த மாதம் அறிவுரைக் கழகம் என்று மூன்று பெரியவர்கள் முன்னால் நிறுத்துவார்கள். அவர்கள் சொன்னால்தான் விடுதலை. வக்கீல் யசோதரா சொல்கிறார், நீ வந்து உண்மையைச் சொன்னால் திருட்டு என்பது அடிபட்டுப் போகுமாம்.

உண்மை உனக்கும் எனக்கும் தெரியும். மே மாதம் அந்தப் பாட்டை எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியதே நீதான். "யாருக்கும் கொடுக்கவில்லை" என்று போலீசில் சொல்லிவிட்டாய். நான் அதை மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை, போலீஸ் வருவதற்கு முன்பே போனில் இருந்ததையும் அழித்துவிட்டேன். இப்போதும் நீயாகச் சொன்னால்தான் உண்டு. வருவாயா?

உன் அண்ணன்,
எத்திராஜ்


பெரம்பூர்
4 ஆகஸ்ட் 2025

அண்ணா,

"உன் பாட்டை வைத்தேன், அவ்வளவுதான்" என்று எழுத உனக்கு எப்படி மனசு வந்தது?

அதிகாரி படிப்பார் என்றாய் அல்லவா, அவர் இதையும் படிக்கட்டும். பதினேழு வயதில் கோயில் திருவிழாக் கச்சேரியில் பாட ஆரம்பித்தவள் நான். மாரியம்மன் கோயில், எல்லையம்மன் கோயில், காதுகுத்து, அரசியல் கூட்டம் என்று ஒன்று விடாமல் பாடினேன். எல்லாம் யாரோ பாடி வைத்த பாட்டு. மைக்கில் அறிவிக்கிறவன்கூட என் பெயரைச் சொன்னதில்லை, "நமது பாடகி" என்பான். முதல் தடவையாக நானே எழுதி, நானே மெட்டுப் போட்டு, "வலை காயுது மொட்ட மாடியில, மாமன் காயுறான் வாசப்படியில" என்று ஒரு பாட்டு. தடைக்காலத்தில் வேலை இல்லாமல் வீட்டில் குந்தியிருக்கிற ஆம்பளைகளைக் கிண்டல் பண்ணி எழுதியது. அதை ஒரு படக் கம்பெனி வாங்கியது. செப்டம்பரில் படம் வரும், திரையில் என் பெயர் வரும் என்றார்கள்.

அம்மாவுக்குப் போட்டுக் காட்டு என்றுதான் உனக்கு அனுப்பினேன். ஊருக்குப் போட்டுக் காட்டு என்று அனுப்பவில்லை.

நீ எல்லாப் படகிலும் ஏற்றிவிட்டாய். படகுகள் நெல்லூருக்கும் காக்கிநாடாவுக்கும் போய் மீன் இறக்கின. அங்கிருந்தவர்கள் போனில் வாங்கிக்கொண்டார்கள். யாரோ நெட்டில் போட்டான். பத்தே நாளில் கல்யாண வீட்டில், ஷேர் ஆட்டோவில், பெரம்பூர் மார்க்கெட்டில் எல்லாம் என் பாட்டு. யார் பாடியது என்று ஒருத்தனுக்கும் தெரியாது. கம்பெனியிலிருந்து கூப்பிட்டு, "பாட்டு பழசாயிடுச்சு மேடம், வேற வாய்ஸ் வச்சு ஃபிரெஷ்ஷா பண்ணப் போறோம்" என்றார்கள். என் வார்த்தை, என் மெட்டு, வேறொருத்தி குரல். எல்லா உரிமையும் விற்றுக் கையெழுத்துப் போட்டுவிட்டதால் நான் வாயைத் திறக்க முடியாது.

நீ இத்தனை வருடம் ஏற்றிக் கொடுத்த ஒவ்வொரு பாட்டுக்குப் பின்னாலும் என்னை மாதிரி ஒருத்தி எங்கேயோ அழுதிருப்பாள். அதை நீ ஒரு நாளாவது நினைத்துப் பார்த்திருக்கிறாயா?

போலீசில் பொய் சொன்னேன்தான், தெரிந்தேதான் சொன்னேன். நான் அனுப்பினேன் என்று சொன்னால் ஒப்பந்தத்தை மீறியவள் ஆகிவிடுவேன். பிறகு எந்த ஸ்டுடியோவும் என்னை வாசலில்கூட நிற்க விடாது. எடுத்தவனுக்குத் தண்டனை கிடைக்கட்டும் என்று நினைத்ததும் உண்மை. கடையைப் பத்து நாள் மூடுவார்கள், நான்கு தட்டுத் தட்டி அனுப்புவார்கள் என்று நினைத்தேன். இப்படி ஒரு வருடம் உள்ளே போடுவார்கள் என்று சத்தியமாக நினைக்கவில்லை.

ஆனாலும் வர மாட்டேன். இருப்பதே இந்த ஒரு தொழில்தான். நீ அதைப் பிடுங்கிக்கொண்டாய். மிச்சம் இருப்பதையும் நானே கொண்டு வந்து கொடுக்க வேண்டுமா?

சௌமியா


சிறையிலிருந்து
11 ஆகஸ்ட் 2025

சௌமி,

உன் கடிதத்தை ஒரு தடவைதான் படித்தேன். மறுபடி படிக்கத் தைரியம் வரவில்லை. அதை எனக்கு முன்னால் படித்த அதிகாரி, கொடுக்கும்போது என் முகத்தை ஒரு மாதிரி பார்த்தார்.

நீ கேட்டதற்குப் பதில், இல்லை, நினைத்ததே இல்லை. பாட்டு என்றால் எனக்குக் கடல் காற்று மாதிரி, யாரோ அனுப்புகிறார்கள் என்று தோன்றியதே கிடையாது. சினிமாக்காரர்கள் எல்லாரும் பங்களாவில் இருப்பார்கள், ஒரு பாட்டு போனால் அவர்களுக்கு என்ன குறைந்துவிடப் போகிறது என்ற நினைப்பு. அதற்குள் நீயும் சினிமாக்காரி ஆகிவிட்டாய் என்பது என் மரமண்டைக்கு உறைக்கவில்லை. அம்மன் பாட்டுக்கு அடுத்த இடம் கிடைத்தால் உனக்கு அதைவிடப் பெருமை இல்லை என்று நினைத்தேன். படம் வரும்போது பத்தோடு பதினொன்றாகத்தானே வரும், இங்கே என்றால் எல்லாப் படகிலும் முதல் நாள் அம்மனுக்கு அடுத்த குரல் என் தங்கச்சி குரல். படகுக்கு மாலை போட்டுத் தேங்காய் உடைத்து அம்மன் பாட்டு முடிந்ததும் அத்தனை படகிலும் ஒரே சமயத்தில் நீ பாட ஆரம்பித்தாய். கரையில் நின்ற பொம்பளைகள் எல்லாம் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தார்கள். அம்மாவும்தான். நீ அன்றைக்கு அங்கே இல்லையே என்று எனக்கு அவ்வளவு ஆதங்கமாக இருந்தது.

சரி, தப்புதான். தப்பு இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் தப்புக்கு ஒரு அளவு வேண்டாமா? என் அறையில் வல்லரசு என்று ஒருத்தர் இருக்கிறார். வியாசர்பாடிக்காரர். பகையாளியைக் கத்தியால் வெட்டிவிட்டு வந்தவர். அவருக்கும் குண்டாஸ்தான். முதல் நாள், "நீ இன்னா கேஸு மாமு?" என்று கேட்டார். சொன்னேன். அவருக்கு நம்பிக்கையே வரவில்லை. "பாட்டு டவுன்லோடு பண்ணதுக்கா? அதுக்கு இன்னாத்துக்குய்யா குண்டாஸு? என் போன்ல ஆயிரம் பாட்டு கீது, அப்போ என்னை எத்தினி தபா தூக்கணும்?" என்று அறையே அதிரச் சிரித்தார். நானும் சேர்ந்து சிரித்தேன்.

நெட்டில் போட்டவன் யார் என்றே தெரியாதாம், வெளிநாட்டில் இருந்தால் பிடிக்க முடியாதாம். கேட்டவர்கள் ஊர் முழுக்க இருக்கிறார்கள், அத்தனை பேரையும் பிடிக்க முடியாதாம். கைக்கு எட்டினவன் நான்தான். கடைக்குப் பெயர்ப்பலகை இருக்கிறது, வாசல் இருக்கிறது, கல்லாவுக்குப் பின்னால் நானும் உட்கார்ந்திருந்தேன். வந்து கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள்.

நீ வர வேண்டாம். உன் கடிதத்தைப் படித்தபின் வா என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் சௌமி, எனக்கு இங்கே பயமாக இருக்கிறது. சாயங்காலம் எண்ணிப் பார்த்து உள்ளே விட்டுப் பூட்டுகிற சத்தம் கேட்டதும் காதைப் பொத்திக்கொள்கிறேன். அம்மாவிடம் இதைச் சொல்லவில்லை. உன்னிடம் மட்டும் சொல்கிறேன்.

எத்திராஜ்


பெரம்பூர்
19 ஆகஸ்ட் 2025

அண்ணா,

பாட்டு வெளியே வந்துவிட்டது. கம்பெனியே நேற்று நெட்டில் விட்டார்கள். பாடியிருப்பவள் பெரிய பாடகி, நன்றாகவே பாடுகிறாள், பொறாமையில் சொல்ல மாட்டேன். "மாமன் காயுறான்" என்கிற இடத்தில் பாடும்போது எனக்குச் சிரிப்பு வந்து மூச்சு முட்டியது, ஞாபகம் இருக்கிறதா? அதைக்கூட அப்படியே மனப்பாடம் பண்ணிப் பாடியிருக்கிறாள். கீழே இருந்த பெயர்களை மேலேயும் கீழேயும் தள்ளித் தள்ளித் தேடினேன். என் பெயர் எழுதியவர் இடத்தில்கூட இல்லை. குழு என்று போட்டிருக்கிறார்கள்.

அறைக்குள் இருக்க முடியவில்லை. கால் போன போக்கில் பஸ் ஏறிக் காசிமேட்டுக்கு வந்தேன். வீட்டுக்குத்தான் போனேன். அம்மா கதவுக்கு உள்ளே இருந்துகொண்டே திறக்கவில்லை. "அண்ணன இட்டுனு வா, கதவு தானா தொறக்கும்" என்றது. எதிர்வீட்டுக்காரர்கள் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அப்படியே திரும்பித் துறைமுகத்துக்கு நடந்தேன்.

மணி அண்ணன் படகு அப்போதுதான் வந்து கட்டியிருந்தது. பெட்டி பெட்டியாக மீன் இறக்கிக்கொண்டிருந்தார்கள். உள்ளே ஸ்பீக்கரில் நான் பாடிக்கொண்டிருந்தேன். அந்தப் பெரிய பாடகி இல்லை, நான். மணி அண்ணன் என்னைப் பார்த்துவிட்டு, "வாம்மா சௌமியா. ஒம் பாட்டக் கேக்காம எந்தப் போட்டும் இப்போ கயறு அவுக்கறதே இல்ல. தம்பிக்கு எப்போ வெடுதலை?" என்று கேட்டார். நெட்டில் புதுப் பாட்டு வந்துவிட்டதே, கேட்டீர்களா என்றேன். "கேட்டோம் கேட்டோம். அது யாரோ பாடுது. நம்ம பொண்ணு பாட்டு இதானே" என்றார்.

அங்கேயே ஐஸ் பெட்டிமேல் உட்கார்ந்து அழுதேன். எனக்கு அப்போதுதான் உறைத்தது. கம்பெனியிடம் என் குரல் இல்லை, அழித்துவிட்டார்கள். நெட்டில் இருந்ததையும் எடுத்துவிட்டார்கள். என் போனில் இருப்பதை விட்டால், என் குரல் எங்கேயாவது இருக்கிறது என்றால் அது நீ ஏற்றிக் கொடுத்த திருட்டுக் காப்பியில்தான் இருக்கிறது. என் வாழ்க்கையைக் கெடுத்ததும் நீதான், என்னை வைத்திருப்பதும் நீதான். இதற்கு நான் யாரைத் திட்டுவது?

அறிவுரைக் கழகத்துக்கு வருகிறேன். நானே அனுப்பினேன் என்று சொல்கிறேன். வக்கீல் அம்மாவிடம் பேசிவிட்டேன். "இனிமே உங்களுக்கு இந்த லைன்ல யாரும் வேலை தர மாட்டாங்க, யோசிச்சுக்கோங்க" என்றார். யோசித்துவிட்டேன்.

உன்னை மன்னித்துவிட்டேன் என்று நினைக்காதே. நீ பயமாக இருக்கிறது என்று எழுதியதைத் தாங்க முடியவில்லை. சின்ன வயதில் என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு அலைக்குள் போகிறவன் நீ. நீ பயந்து நான் பார்த்ததே இல்லை.

சௌமியா


சிறையிலிருந்து
27 ஆகஸ்ட் 2025

சௌமி,

அறிவுரைக் கழகத்தில் அன்றைக்கு உன்னைப் பார்த்தும் பேச விடவில்லை. மெலிந்துவிட்டாய். அந்தப் பச்சைப் புடவை நைனா சாவுக்குப் பிறகு அம்மா கட்டாமல் வைத்திருந்தது அல்லவா? எப்போது எடுத்தாய் என்று கேட்கத் தோன்றியது. எவ்வளவு முக்கியமான நேரத்தில் என் புத்தி எங்கே போகிறது பார்.

நீ மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னாய். நான்தான் அனுப்பினேன், போலீசில் சொன்னது பொய் என்றாய். குரல் கொஞ்சம்கூட நடுங்கவில்லை. நடுவில் இருந்த பெரியவர், "பாட்டைக் கம்பெனிக்கு வித்தாச்சு இல்லையாம்மா? வித்த பிறகு யாருக்கும் கொடுக்க உங்களுக்கு என்ன உரிமை?" என்று கேட்டார். நீ, "நான் எழுதி நான் பாடினதுங்கய்யா" என்றாய். "அது சரிம்மா. வித்த வீட்டுச் சாவியை அண்ணன்கிட்ட கொடுத்தா அவர் உள்ள போய்ப் படுத்துக்கலாமா?" என்றார். கெட்ட மனுஷர் இல்லை, பொறுமையாகத்தான் கேட்டார். அதுதான் இன்னும் வலித்தது. நீ தலையைக் குனிந்துகொண்டாய். உன்னை நான் அப்படிப் பார்த்திருக்கவே கூடாது.

உன்னை வெளியே அனுப்பிய பிறகு என்னைக் கேட்டார்கள். இது கம்பெனிக்குச் சொந்தமான பாட்டு என்று தெரியுமா என்றார்கள். "என் தங்கச்சி பாட்டுன்னு நெனச்சேன்யா" என்றேன். எழுதிக்கொண்டார்கள். எத்தனை வருடமாகக் கடை, வேறு படப் பாட்டெல்லாம் ஏற்றியது உண்டா என்றார்கள். உண்டு என்றேன். வேறு என்ன சொல்வது? அதையும் எழுதிக்கொண்டார்கள். அதை எழுதும்போது பேனா கொஞ்சம் வேகமாக ஓடியது மாதிரி எனக்குப் பட்டது.

முடிவு பிறகுதான் வரும். நான் பெரிதாக எதிர்பார்க்கவில்லை. உன்னை வரச்சொல்லி முதல் கடிதத்தில் எழுதியதற்கு இப்போது என்னையே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போல இருக்கிறது. உனக்கு இருந்ததும் போய்விட்டது, எனக்கும் வழி பிறக்கவில்லை.

ஒரு காவலர் நேற்று என்னிடம் வந்து, "நீதான் அந்த வலை காயுது பாட்டு கேஸா? பழசு ஒண்ணு இருந்துச்சே, அதான் நல்லா இருக்கும், இப்போ எங்கயும் கிடைக்கலியே" என்றார். வல்லரசு உடனே, "சொன்னாக்கண்டி உன்னையும் உள்ள போட்டுடுவாங்க சார்" என்றார். காவலர் சிரித்துக்கொண்டே போய்விட்டார். எனக்கு இப்போதெல்லாம் சிரிப்பு வருவதில்லை.

எத்திராஜ்


காசிமேடு
6 செப்டம்பர் 2025

அண்ணா,

இந்தக் கடிதத்தை நம் வீட்டிலிருந்து எழுதுகிறேன். ஆமாம், அம்மா கதவைத் திறந்துவிட்டது. எப்படி என்று சொல்கிறேன்.

போன மாதம் இருபத்தைந்தாம் தேதி கம்பெனி வக்கீல் கூப்பிட்டார். நான் உண்மையைச் சொன்னதால் என் மேலும் வழக்குப் போட முடியும், ஆனால் போட விரும்பவில்லை என்றார். உன்னை விடுவிப்பதில் தங்களுக்கு ஆட்சேபம் இல்லை என்று கம்பெனி எழுதிக் கொடுக்கும். பதிலுக்கு நான் இப்படி எழுதிக் கொடுக்க வேண்டும். பாட்டு, மெட்டு, வார்த்தை எதுவும் என்னுடையது இல்லை. கச்சேரியிலோ கல்யாணத்திலோ எந்த இடத்திலும் அதைப் பாட மாட்டேன். என் குரலில் இருக்கிற எல்லாக் காப்பியையும் என் முன்னாலேயே அழிக்கச் சம்மதிக்கிறேன்.

வக்கீல் யசோதரா ஊரில் இல்லை. அவரைக் கேட்காமல் செய்யலாமா என்று தோன்றியது. ஆனால் கம்பெனிக்காரர், "இன்னிக்கே முடிச்சா நல்லது, ரிசல்ட் வர்றதுக்குள்ள எங்க லெட்டர் போயாகணும்" என்றார். உன் பயம்தான் கண் முன்னால் நின்றது. கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

மறுநாள் கம்பெனி ஆள் ஒருவரும் இரண்டு போலீசும் என்னோடு துறைமுகத்துக்கு வந்தார்கள். அவர்கள் மிரட்டவே தேவை இருக்கவில்லை. ஒவ்வொரு படகாக நானே ஏறிக் கேட்டேன். மணி அண்ணன், "நீயே சொல்றியாம்மா?" என்றார். ஆமாண்ணே என்றேன். "போலீசு சொன்னா குடுத்திருக்க மாட்டேன். நீ சொல்லசொல்ல நா இன்னா பண்றது" என்று பென் டிரைவை என் கையிலேயே கொடுத்துவிட்டு மறுபக்கம் திரும்பி நின்றுகொண்டார். நானே அழித்தேன். கடலில் இருந்த படகுகள் வரவர, பத்து நாளாகப் போய்ப் போய் அழித்தேன். ஒரு இடத்திலும் கடைசியாகப் போட்டுக் கேட்கவில்லை. கேட்டால் கை வராது என்று தெரியும். ஒவ்வொரு தடவையும், நிச்சயமாக அழிக்கட்டுமா என்று அது கேட்கும். ஆமாம் என்று அழுத்துவேன். உயிரோடு இருக்கும்போதே என் குழிக்கு நானே மண் தள்ளுவது மாதிரி இருந்தது அண்ணா.

அம்மா மீன் கூடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தது. அம்மா போனிலும் பாட்டு இருந்ததே, அதைக் கேட்டு நான் கை நீட்டியபோது கொடுத்தது. அழித்துத் திருப்பிக் கொடுத்தேன். என் முகத்தைப் பார்த்து, "துன்னியாடி?" என்று கேட்டது. இரண்டு மாதத்துக்குப் பிறகு என்னிடம் நேருக்கு நேர் பேசிய முதல் பேச்சு. வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்ச் சோறு போட்டது.

என் போனில் இருந்ததை எல்லாவற்றுக்கும் கடைசியாக, நேற்று அழித்தேன். இனி நமக்குத் தெரிந்து எங்கும் இல்லை. நீ வெளியே வந்துவிடு, அது போதும். பாட்டு போனால் போகட்டும் என்று சொல்லிச் சொல்லிப் பழகிக்கொண்டிருக்கிறேன்.

எப்போது விடுவார்கள் என்று தெரிந்தவுடன் எழுது. அம்மா இப்போதே உன் சட்டையை எல்லாம் துவைத்துக் காயப் போட்டுவிட்டது.

சௌமியா


சிறையிலிருந்து
6 செப்டம்பர் 2025

சௌமி,

நான் எழுதிப் பத்து நாள் ஆகிறது, உன்னிடமிருந்து பதில் இல்லை. கோபமா, உடம்புக்கு ஏதாவதா? நான் எழுதுவதாவது உனக்கு வந்து சேர்கிறதா?

இன்று காலையில் முடிவைப் படித்துக் காட்டினார்கள். போட்ட உத்தரவு சரிதானாம். அடுத்த ஜூலை வரை இங்கேதான். ஹைகோர்ட்டில் மனுப் போடலாம், ஆனால் அது விசாரணைக்கு வரவே பல மாதம் ஆகும் என்று வக்கீல் அம்மா சொன்னார். ஊருக்குப் போயிருந்தவர், வந்ததும் நேரே என்னைப் பார்க்க வந்தார். எதிர்பார்த்ததுதான், இருந்தாலும் அவர் போன பிறகு ரொம்ப நேரம் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வல்லரசு தன் பங்குக் கஞ்சியையும் என் தட்டில் ஊற்றிவிட்டுத் தள்ளிப் போய் உட்கார்ந்தார்.

அவசரமாக எழுதுவது எதற்கு என்றால், கம்பெனிக்காரர்கள் உன்னிடம் ஏதோ காகிதத்தில் கையெழுத்து வாங்கப் பார்ப்பதாக வக்கீல் அம்மா காதுக்கு வந்திருக்கிறது. அவர்கள் ஆட்சேபம் இல்லை என்று எழுதிக் கொடுத்தால் என்னை விடுவார்களா என்று கேட்டேன். "அவங்க புகாரோட அவங்க வேலை முடிஞ்சது. இது அரசாங்க உத்தரவு, அவங்க நினைச்சாலும் எடுக்க முடியாது. அந்த லெட்டரால ஒரு பிரயோஜனமும் இல்ல" என்றார். அதனால் அவர்கள் எத்தனை இனிக்கப் பேசினாலும் எதிலும் கையெழுத்துப் போடாதே. என்னைக் காட்டித்தான் கேட்பார்கள். ஏமாந்துவிடாதே.

நான் ஒரு முடிவுக்கு வந்துவிட்டேன். ஒரு வருடம் உட்கார்ந்துவிட்டு எழுந்து வந்துவிடுவேன். பயம் பழகிவிட்டது. பூட்டுகிற சத்தம் கேட்டால் இப்போது கண்ணை மூடிக்கொண்டு, நம் படகுகளில் உன் பாட்டு ஓடுகிறது, எங்கேயோ நடுக்கடலில் யாரோ ஒருத்தன் வலை இழுத்துக்கொண்டே கேட்கிறான் என்று நினைத்துக்கொள்கிறேன். அதற்காக ஒரு வருடம் உள்ளே இருந்தேன் என்றால் அதில் ஒரு நியாயம் இருக்கிறது என்று படுகிறது. அதுவும் இல்லாவிட்டால் நான் இங்கே எதற்காகக் கிடக்கிறேன் சொல்?

நீ எழுதியதை நினைத்துக்கொண்டே இருக்கிறேன், உன் குரல் அந்தக் காப்பிகளில் மட்டும்தான் இருக்கிறது என்று. மணி அண்ணனிடம் சொல்லி, இரண்டு மூன்று பென் டிரைவைப் பத்திரமாக எடுத்து வைக்கச் சொல். வீட்டில் ஒன்று, நீ தங்கியிருக்கும் அறையில் ஒன்று. அதை நம்மிடமிருந்து யாரும் பறிக்க விடாதே.

இவ்வளவு நாள் கேட்டவர்களுக்கெல்லாம் பாட்டை அள்ளிக் கொடுத்தவன் நான், நானே சொல்கிறேன். யார் வந்து கேட்டாலும் கொடுக்காதே சௌமி. எனக்காக என்று கேட்டாலும் கொடுக்காதே.

உன் அண்ணன்,
எத்திராஜ்